கப்பலும் கடையும் ஒருவர் கையில்

அன்புள்ள ஐயா,

எம்டன் கப்பலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன அந்தப் போர்க்கப்பல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது என்று எழுதியிருந்தீர்கள். கரையில் இறங்கியிருந்த ஜெர்மன் மாலுமிகள் சுமார் ஐம்பது பேர் ‘ஆயிஷா’ என்ற பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பினார்கள், அது தீவுகளின் சொந்தக்காரர்களான கிளூனிஸ்-ராஸ் குடும்பத்தின் கப்பல் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. தீவுக்கூட்டம் முழுவதற்கும் ஒரு குடும்பம் எப்படிச் சொந்தக்காரர் ஆனது என்று தேடிப் படித்தேன்.

குடும்பத்தின் மூத்தவர் ஜான் கிளூனிஸ்-ராஸ், ஸ்காட்லாந்திலிருந்து திமிங்கில வேட்டைக் கப்பலில் கூலியாகப் புறப்பட்டவர். பிறகு கேப்டன், கப்பல் முதலாளி, கடைசியில் யாரும் இல்லாத ஒரு பவளத்தீவைத் தென்னந்தோப்பாக்கி ஐந்து தலைமுறை ஆண்ட குடும்பத்தின் முதல்வர். படித்தபோது சிலிர்த்தது. என் தாத்தா தூத்துக்குடி–கொழும்புத் தோணிகளில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக இருந்தவர். கடலை அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் கடைசிவரை அவருக்கென்று ஒரு தோணி வாய்க்கவில்லை.

என் நண்பரிடம் இதைச் சொன்னபோது, “அவன் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவன், அவனைப் போய்ப் புகழ்கிறாயே” என்றார். உழைத்து உயர்ந்த மனிதர் என்று நான் வாதாடினேன். எங்களில் யார் சொல்வது சரி? ஒரு கூலி மாலுமி கப்பல் முதலாளியானது எப்படி? வெள்ளைத்தோல் மட்டும்தான் காரணமா? என் மகன் கப்பல் படிப்பு படிக்கிறான். இவரை முன்னுதாரணமாக அவனுக்குச் சொல்லலாமா?

அன்புடன்,
முருகேசன்,
தூத்துக்குடி

•

அன்புள்ள முருகேசன்,

ஜான் கிளூனிஸ்-ராஸ் மிகச் சிறந்த மாலுமி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவருடைய பிற்காலத்தைப் பற்றி நான் சொல்லப்போவது கடுமையாக இருக்கும்.

அவர் பிறந்தது 1786-இல், ஷெட்லாண்ட் தீவுகளில் வைஸ்டேல் என்ற இடத்தில். ஷெட்லாண்ட், ஸ்காட்லாந்தின் வடமுனைக்கும் அப்பால், நார்வேயை நோக்கிய கடலில் கிடக்கிறது. 1469 வரை அது ஸ்காட்லாந்துக்கே சொந்தமில்லை. டென்மார்க் அரசர் மகளின் சீதனத்துக்கு ஈடாக அடகு வைத்து, மீட்காமல் விட்ட நிலம். மரமே இல்லாத, காற்று ஓயாத பூமி. அந்த ஊரின் வாழ்க்கை முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கோகோஸ் கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஷெட்லாண்டில் நிலம் பண்ணையார்களுடையது. குத்தகைக்கு நிலம் பிடித்தவன் பண்ணையாருக்காக மீன் பிடித்துத் தர வேண்டும், அதுதான் குத்தகையின் நிபந்தனை. கோடையில் ஆறு துடுப்புப் படகுகளில், கரை கண்ணுக்கு மறையும் தொலைவுவரை போய்த் தூண்டில் போடுவார்கள். கொண்டுவந்த மீனை வெளியே விற்கக் கூடாது. பண்ணையார் சொல்வதே விலை. அதையும் காசாகத் தரமாட்டார். அவருடைய கடையில் மாவும் துணியும் தூண்டிலும் கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மீனவன்தான் கடன்காரன். கடன் தீராமல் நிலத்தை விட்டுப் போக முடியாது. தகப்பனின் கடன் மகன் தலையில் ஏறும். இந்த முறை எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்றால், கிளூனிஸ்-ராஸ் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1872-இல், பிரிட்டிஷ் அரசு ஷெட்லாண்டின் கடைக்கணக்குக் கூலி முறையை விசாரிக்கவே ஓர் ஆணையத்தை அனுப்ப வேண்டியிருந்தது.

அங்கிருந்து தப்ப ஒரு பையனுக்கு இருந்த வழி கப்பல்தான். கிரீன்லாந்துக்குத் திமிங்கில வேட்டைக்குப் போகும் ஆங்கிலேயக் கப்பல்கள் லெர்விக் துறைமுகத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும். ஷெட்லாண்டுக்காரன் சிறு படகை எந்த அலையிலும் கையாளுவான் என்பதால் அவனுக்கு மதிப்பு அதிகம். பதின்ம வயதிலேயே ராஸ் அப்படிப் போய்ச் சேர்ந்தார். பிறகு தென்கடல் திமிங்கில வேட்டை. 1813-இல் அவர் கிழக்கிந்தியத் தீவுகளில் ஒன்றான தைமூரில் இருந்தார், திமிங்கிலத்துக்கு ஈட்டி எறிபவராக, கப்பலின் இளநிலை அதிகாரியாக. வயது இருபத்தேழு.

தைமூரில்தான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. ‘ஒலிவியா’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலுக்குக் கேப்டன் தேவைப்பட்டது. ராஸ் வேட்டைக் கப்பலை விட்டு இறங்கி அதில் ஏறினார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அவர் கேப்டனானதற்குத் திறமை ஒரு காரணம், சந்தேகமில்லை. வானத்தைப் பார்த்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடவும், பவளப்பாறைகளுக்கு நடுவே கப்பலை நடத்தவும் தெரியாதவரிடம் யாரும் கப்பலை ஒப்படைக்க மாட்டார்கள். ஆனால் காலமும் அவருக்குத் துணை நின்றது. 1811-இல்தான் ஆங்கிலேயர்கள் ஜாவாவைக் கைப்பற்றியிருந்தார்கள். நெப்போலியன் போர் நடந்துகொண்டிருந்தது. டச்சுக்காரர்களின் துறைமுகங்களும் வணிகமும் ஒரே வீச்சில் ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டன. அவற்றை ஓட்டுவதற்கு ஆங்கிலேய மாலுமிகள் போதவில்லை. லண்டனில் இருபது வருடம் காத்திருந்து கிடைக்க வேண்டிய பதவி தைமூரில் ஒரே நாளில் கிடைத்தது.

அதே கடலில், அதே நாட்களில், உங்கள் தாத்தாவின் முன்னோர்கள் போன்ற எத்தனையோ நம்மவர்களும் மலாய் மாலுமிகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் கடல் தெரியும். ஆனால் 1823-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கொண்டுவந்த சட்டம் ஒன்று, கிழக்கிந்தியப் பகுதிகளில் பிறந்த மாலுமிகள், அரசரின் குடிமக்களாகவே பிறந்திருந்தாலும், ‘பிரிட்டிஷ் மாலுமி’களாகக் கருதப்பட மாட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. பிரிட்டிஷ் கப்பலில் இத்தனை பங்கு பிரிட்டிஷ் மாலுமிகள் இருக்க வேண்டும் என்ற விதி அன்று இருந்தது. அந்தக் கணக்கில் லஸ்கர், அதாவது ஆசிய மாலுமி, ஓர் ஆள் இல்லை. வெள்ளைத்தோல் மட்டுமா என்று கேட்டீர்கள். மட்டும் என்று சொல்லமாட்டேன். அந்தத் தோல் இருந்தவனுக்குத் திறமை பலன் தந்தது. இல்லாதவனுக்கு எத்தனை திறமை இருந்தாலும் சட்டமே கதவைச் சாத்தியது. உங்கள் தாத்தாவுக்குத் தோணி வாய்க்காததற்கு அவருடைய காலத்தில் வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு முன்னால் போன தலைமுறைகளின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அலெக்சாண்டர் ஹேர். இந்த மனிதர் இல்லாமல் ராஸின் கதை இல்லை.

ஹேர் லண்டனில் பிறந்த வணிகர், மலாக்காவில் கடை விரித்தவர், ராஃபிள்ஸின் நண்பர். சிங்கப்பூரை நிறுவியதாக நாம் பள்ளியில் படிக்கும் அதே ராஃபிள்ஸ்தான். அன்று அவர் ஜாவாவின் துணைநிலை ஆளுநர். 1812-இல் அவர் ஹேரைப் போர்னியோவின் பஞ்சர்மாசினுக்கு ஆங்கிலேயப் பிரதிநிதியாக அனுப்பினார். அங்கே சுல்தானிடமிருந்து மலுக்கா என்ற பெரும் நிலப்பரப்பை ஹேர் தன் சொந்தப் பெயருக்கே எழுதி வாங்கிக்கொண்டார். நிலம் கிடைத்தது, உழைக்க ஆள் இல்லை. ஜாவாவிலிருந்து குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களையும், குற்றமே செய்யாத பல ஏழைகளையும் பெண்களையும் அரசின் துணையோடு அங்கே ஏற்றி அனுப்பினார்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தின் பெரும் அநியாயங்களில் ஒன்றாக டச்சு வரலாற்றாசிரியர்கள் பின்னர் இதைப் பதிவு செய்தார்கள்.

ராஸ் இந்த ஹேரிடம்தான் வேலை பார்த்தார். மலுக்காவில் கப்பல் கட்டும் பொறுப்பு அவருடையது. போர்னியோக் காட்டு மரத்தில் அவர் கட்டிய ‘போர்னியோ’ 428 டன் கப்பல். ஷெட்லாண்டின் மரமற்ற கரையில் பிறந்தவர், ஓர் ஆற்றங்கரையில், உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, லண்டன்வரை போய்வரக்கூடிய கப்பலைக் கட்டி நீரில் இறக்கி, அதைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். அதற்கு நான் தலைவணங்குகிறேன். உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டிய பகுதி இதுதான். வாங்கிய கப்பலை ஓட்டுகிற கேப்டன்கள் எக்காலத்திலும் உண்டு. மரத்தை வெட்டுவதிலிருந்து துறைமுகம் சேர்ப்பதுவரை ஒரே ஆளின் அறிவில் அடங்கிய கப்பல் அரிது. ஆனால் அந்த மரத்தை வெட்டியவர்கள் யார், அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1816-இல் ஜாவா மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போனது. ஹேரின் போர்னியோ ராஜ்யம் கலைந்தது. அவர் தன் ஆட்களில் ஒரு பகுதியினரோடு நன்னம்பிக்கை முனைக்குப் போனார். ராஸ் ஹேரின் சகோதரர்கள் நடத்திய லண்டன் நிறுவனத்துக்காக ‘போர்னியோ’வை ஓட்டிக்கொண்டிருந்தார். லண்டனில் எலிசபெத் டைமோக் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மூத்த மகன் ஜான் ஜார்ஜ் 1823-இல் பிறந்தான்.

1825 டிசம்பரில் ராஸ் கோகோஸ் தீவுகளில் இறங்கினார். கீலிங் தீவுகள் என்றும் அவற்றுக்குப் பெயர். 1609-இல் அந்த வழியே போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கேப்டன் வில்லியம் கீலிங்கின் பெயர் அது. வரைபடத்தில் கொழும்புக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் ஒரு கோடு போட்டால், ஏறக்குறைய நடுவில் வரும். இருபத்தேழு பவளத்திட்டுகள், எல்லாம் சேர்த்தால் பதினான்கு சதுர கிலோமீட்டர். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, தென்னைகள் மட்டும் தானாக வளர்ந்து நின்றன. இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் கப்பல்களுக்கு ஒரு தங்குமிடம், சரக்கு வைத்து எடுக்க ஒரு கிடங்கு, குடும்பத்துக்கு ஒரு வீடு என்று ராஸ் கணக்குப் போட்டார். கொஞ்சம் காட்டை வெட்டிச் சுத்தம் செய்து, விதைகளை ஊன்றிவிட்டு, குடும்பத்தை அழைத்துவரக் கிளம்பினார்.

1827 பிப்ரவரியில் மனைவி, பிள்ளைகள், மாமியார், வேலையாட்கள் எல்லாரோடும் அவர் திரும்பி வந்தபோது தீவில் ஹேர் இருந்தார். 1826-இலேயே நன்னம்பிக்கை முனையிலிருந்து சுமார் நூறு பேருடன் வந்து இறங்கிவிட்டார். ஹேரை அங்கே கொண்டுவந்து சேர்த்த ‘ஹிப்போமெனிஸ்’ கப்பலின் கேப்டன் ராஸின் சொந்தத் தம்பி ராபர்ட்.

அந்த நூறு பேரைப் பற்றித்தான் இணையத்தில் நீங்கள் படித்த கதைகள் சரியாகப் பேசுவதில்லை. ‘ஹேரின் அந்தப்புரம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பெண்கள் இருந்தார்கள், அவர்களை ஹேர் எப்படி வைத்திருந்தார் என்பது அருவருப்பான வரலாறு. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆண்களும் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். ஜாவா, பாலி, சுலவேசி, சும்பாவா, தைமூர், பஞ்சர்மாசின் என்று தீவுத்தீவாகப் பெயர்த்து எடுக்கப்பட்ட மலாய் மக்களோடு சில சீனர்கள், பாப்புவாக்காரர்கள், ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத நிலையில் தொடங்கி, மலாயைப் பொதுமொழியாக்கி, இஸ்லாத்தைப் பொது வழிபாடாக்கி, இரண்டு தலைமுறைகளில் தங்களை ஒரு சமூகமாக ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள். கோகோஸில் நடந்த பெருஞ்சாதனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

ஹேருக்கும் ராஸுக்கும் நான்கைந்து ஆண்டுகள் தகராறு ஓடியது. இருவரும் வெவ்வேறு திட்டுகளில் குடியிருந்துகொண்டு கடிதத்தாலும் ஆளாலும் சண்டையிட்டார்கள். ஹேர் தன் பெண்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு மிகச் சிறிய ஒரு திட்டுக்கு அவர்களோடு ஒதுங்கிப் போனார். அதற்குச் சிறைத்தீவு என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக நழுவி ராஸின் பக்கம் வந்தார்கள். 1831-இல் ஹேர் தீவை விட்டுப் போனார், 1834-இல் சுமத்ராவின் பென்கூலனில் இறந்தார்.

ராஸ் அவர்களை விடுவித்தார் என்று சிலர் எழுதுவது இந்த இடத்தைத்தான். ஹேரின் கொடுமையோடு ஒப்பிட்டால் அவர்கள் நிலை மேம்பட்டது என்பது உண்மை. சவுக்குக்குப் பதில் கூலி வந்தது. ஆனால் அவர்கள் எங்கே போக முடியும்? தீவைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்குக் கடல். எப்போதாவது ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் தண்ணீருக்காக நிற்கும், அபூர்வமாக ஒரு போர்க்கப்பல் வந்துபோகும். மற்றபடி அரிசி வருவதும் தேங்காயெண்ணெய் போவதும் ராஸின் கப்பலில். அவர் ஏற்றினால்தான் பயணம், அவர் எழுதினால்தான் கணக்கு.

தீவு பிரிட்டிஷ் மண்ணாகவும் அன்று இல்லை. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கோகோஸ் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே கிடந்தது. தீவை இணைத்துக்கொள்ளுங்கள் என்று ராஸ் அரசுக்கு எழுதிப் பார்த்தார், அரசு கண்டுகொள்ளவில்லை. ஆக, அந்த மக்களுக்கு மேலே சட்டம் என்று எதுவும் இல்லை, ராஸ் மட்டுமே இருந்தார்.

இதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். 1836 ஏப்ரல் 1 அன்று ‘பீகிள்’ கப்பல் கோகோஸில் நங்கூரமிட்டது. அதில் சார்லஸ் டார்வின் இருந்தார். கேப்டன் ராஸ் அப்போது தீவில் இல்லை. அவருடைய துணையாளர் லீஸ்க் வரவேற்றார். டார்வின் பதினோரு நாட்கள் தங்கினார். பவளத்தையும் நண்டையும் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாரோ அவ்வளவு கூர்மையாக மனிதர்களையும் பார்த்தார். மலாய்க்காரர்கள் பெயரளவில் சுதந்திரமானவர்கள், நேரடியாக நடத்தப்படும் விதத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட, ஆனால் மற்றப் பெரும்பாலான விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்று எழுதிவைத்தார். உங்கள் நண்பரும் நீங்களும் இன்று போடும் சண்டைக்கு இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் அன்றே தந்த விடை இது. இதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியாது.

அதே குறிப்பில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இருக்கிறது. தீவின் செழிப்பெல்லாம் தென்னையை நம்பியே இருக்கிறது, எண்ணெயும் தேங்காயும் மட்டுமே ஏற்றுமதி, தேங்காய்கள் சிங்கப்பூருக்கும் மொரீஷியஸுக்கும் போகின்றன, அங்கே அவற்றைத் துருவிக் கறிக்குச் சேர்க்கிறார்கள் என்கிறார் டார்வின். அந்த இரண்டு ஊர்களிலும் அன்றே நம்மவர்கள் இருந்தார்கள். மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெயரளவில் சுதந்திரமான ஒரு கூட்டம் பறித்து உரித்த தேங்காய், பெயரளவில் சுதந்திரமான இன்னொரு கூட்டத்தின் அடுப்புக்கு ராஸின் கப்பல் வழியாகப் போயிருக்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ராஸுக்கு டார்வின்மீது கோபம். பவளத்தீவுகள் எப்படி உருவாகின்றன என்று டார்வின் எழுதிய கோட்பாட்டை, ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தவர் என்ற உரிமையோடு விரிவாக மறுத்து எழுதினார். ராஸ் 1854-இல் இறந்தார். அந்த மறுப்பு 1855-இல் பத்தாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) அறிவியல் இதழில் வெளியானது. கடலடியில் நிலம் மெல்லத் தாழ, பவளம் மேல்நோக்கி வளர்கிறது என்ற டார்வினின் கருத்துதான் பின்னர் உறுதிப்பட்டது. ஆனாலும் திமிங்கில வேட்டையிலிருந்து வந்த ஒருவர், பல்கலைக்கழகம் போகாதவர், தன் கண் கண்டதை நம்பி உலகின் மிகப் பெரிய இயற்கையியலாளரோடு வாதிட்டார் என்பதை நான் மதிக்கிறேன். தன் தீவின் பாறையைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பார்த்த மனிதர், தன் தீவின் மக்களைப் பற்றி டார்வின் எழுதியதையும் அதே அக்கறையோடு யோசித்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

அவருக்குப் பிறகு வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1857-இல் கேப்டன் ஃப்ரீமான்டில் ‘ஜூனோ’ போர்க்கப்பலில் வந்து தீவுகளைப் பிரிட்டனோடு இணைத்தார். அந்தமானுக்குப் பக்கத்திலுள்ள வேறொரு கோகோஸுக்குப் போக வேண்டிய உத்தரவு இது என்று சொல்வார்கள். 1878-இல் தீவுகள் இலங்கை ஆளுநரின் பொறுப்பில் வந்தன. 1886-இல் விக்டோரியா அரசி அவற்றைக் கிளூனிஸ்-ராஸ் குடும்பத்துக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார். குடும்பமும் வெறும் வெள்ளைக் குடும்பமாக இருக்கவில்லை: ராஸின் மகன் ஜாவாவின் சோலோ வழிவந்த மலாய்ப் பெண்ணை மணந்தார், பேரன் ஜார்ஜும் தீவுப் பெண்ணையே மணந்தார்.

ஆனால் முறை மாறவில்லை. கூலி கோகோஸ் ரூபாயில். முதலில் ஆட்டுத்தோலில் அச்சிட்ட தாள், பின்னர் வில்லைகள். அந்த ரூபாய் தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும், கடை குடும்பத்துடையது. தீவை விட்டுப் போகிறவர் போகலாம். போனால் திரும்பி வரக் கூடாது. நான் ஷெட்லாண்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது இதற்காகத்தான். நிலம் ஒருவருடையது, கடை அவருடையது, கூலிக்கணக்கு அவருடையது, வெளியே போகும் வழியும் அவருடையது. எந்தப் பிடியிலிருந்து தப்பிக்கப் பதின்ம வயதில் ஒரு பையன் லெர்விக்கில் கப்பல் ஏறினானோ, அதே பிடி பூமத்திய ரேகைக்குத் தெற்கே அவனுடைய பெயரில் எழுந்து நின்றது. ஷெட்லாண்டு மீனவனுக்காவது வேறொரு கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் இருந்தது.

தீவு மக்கள் பட்டினி கிடக்கவில்லை, வீடும் வேலையும் இருந்தன என்று குடும்பத்தின் ஆதரவாளர்கள் சொல்வது பொய்யில்லை. பல தோட்டங்களில் நம் மக்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் கோகோஸ் மென்மையான இடம்தான். அதனால்தான் அந்த ஆட்சி 150 ஆண்டு நீடித்தது.

இரண்டாம் உலகப் போரில் தீவுகள் மறுபடி இலங்கையின் நிர்வாகத்துக்கு வந்தன. 1942 மே மாதம் அங்கே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்ய, கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போருக்குப் பின் மக்கள்தொகை தீவு தாங்கும் அளவைத் தாண்டியபோது, நூற்றுக்கணக்கானவர்கள் வடக்குப் போர்னியோவுக்கு, இன்றைய மலேசியாவின் சபாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1955-இல் தீவுகள் ஆஸ்திரேலியாவுக்கு மாறின. 1978-இல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்துக் குடும்பத்திடமிருந்து நிலத்தை வாங்கியது. ‘ஓசியானியா ஹவுஸ்’ என்ற மாளிகையும் அதன் தோட்டமும் மட்டும் குடும்பத்திடம் இருந்தன. 1984 ஏப்ரல் 6 அன்று ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆஸ்திரேலியாவோடு இணைய 229 பேர், சுதந்திர நாடாக 9 பேர், இடைப்பட்ட ஓர் ஏற்பாட்டுக்கு 21 பேர் வாக்களித்தார்கள். குடும்பத்துக்கு அப்போது எஞ்சியிருந்த தொழில் கப்பல் நிறுவனம்தான். அதற்கு அரசு சரக்கு கொடுக்க மறுத்ததும் அது திவாலானது. 1993-இல் மாளிகையும் கைமாறியது.

மகனுக்குச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள், முழுவதையும் சொல்லுங்கள். தைமூரில் ‘ஒலிவியா’வை ஏற்றதையும் ‘போர்னியோ’வைக் கட்டியதையும் அவன் வியந்து கேட்கட்டும். ஹேர் இறக்கிவிட்ட அந்த நூறு பேரையும் அவன் தெரிந்துகொள்ளட்டும்; அவன் நாளைக்கு ஏறப்போகும் கப்பல்களிலும் சம்பளத்தையும் ஊர் திரும்பும் நாளையும் இன்னொருவர் முடிவு செய்யும் மாலுமிகள் இருப்பார்கள், அவர்களுக்கு அவன் அதிகாரியாக இருப்பான்.

உங்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தாத்தாவின் காலத்தில் தோணி முதலாளிக்கும் தண்டலுக்கும் மற்ற ஆட்களுக்கும் கூலி எப்படிப் பிரிந்தது, முன்பணம் உண்டா, அந்தக் கணக்கை யார் எழுதினார்கள், புயலில் சரக்கைக் கடலில் தள்ள நேர்ந்தால் நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதையெல்லாம் உங்கள் அப்பாவிடம் கேட்டு எனக்கு விரிவாக எழுதுங்கள். அவருக்கு என் வணக்கம்.

அன்புடன்.